ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம்

சாந்தா ருஃபீனா என்ற ஊரின் மேயருடைய மைத்துனர் எவரால்டோவுக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. நாற்காலிக்கு ஓர் அறை தேவைப்பட்டது. அறைக்கு ஒரு நோக்கம் தேவைப்பட்டது. அந்த வாரம் மேயரின் மனைவி, ஒரு மாதச் சாப்பாட்டை ஒரே மூச்சில் சமைத்து உறைய வைப்பது எப்படி என்று ஏதோ பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தாள். குடும்ப உணவு முன்யோசனைச் செயலகம் அப்படித்தான் பிறந்தது. வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள்: "இன்றே உறைவோம், நாளை உண்போம்."

முதல் வருடம் அங்கே பெண்களுக்கு வகுப்பு நடந்தது. பயற்றுக் குழம்பை ஆறவைத்து டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்று எவரால்டோ கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அதைச் செய்துவந்த பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட்டும் காப்பியும் வந்தன. சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் மறுபடி வரவில்லை.

எனவே இரண்டாம் வருடம் சட்டம் வந்தது. பத்து நாளுக்கு மேற்பட்ட சாப்பாட்டை உறைய வைக்கும் எந்தக் குடும்பமும் செயலகத்தின் அனுமதி பெற வேண்டும். பெறாதவர்களின் ஃப்ரீசருக்குச் சீல் வைக்கப்படும். அதற்குப் பிறகு அந்த அறையில் உட்கார இடமில்லாமல் போயிற்று. செயலகம் வெற்றியடைந்துவிட்டதாக உள்ளூர் வானொலி சொன்னது.

ஜுரேமாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் பித்தப்பையில் ஏழு கற்கள் இருக்கின்றன என்பதும், அரசு மருத்துவமனைப் பட்டியலில் இருபத்திரண்டு மாதம் காத்திருந்த பிறகு தனக்குத் தேதி வந்திருக்கிறது என்பதும்தான். புதன்கிழமை, ஆறாம் தேதி, காலை ஏழு மணி. அன்று வராவிட்டால் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு மாதம் அடுப்படியில் நிற்கக் கூடாது, குக்கரைத் தூக்கக் கூடாது.

அவள் புருஷன் அனேசியோ பால் லாரி ஓட்டுகிறவர். விடியுமுன் கிளம்பிப் பொழுது சாயத் திரும்புவார். சமையலில் அவருக்குத் தெரிந்தது தண்ணீர் கொதிக்க வைப்பது. அதையும் சில சமயம் அடிபிடிக்க விட்டுவிடுவார். மூத்தவள் தைனாராவுக்குப் பதினான்கு வயது. அவள் ஒரே ஒரு முறை குக்கரைத் தொட்டிருக்கிறாள். மேற்கூரையில் அன்று தெறித்த பயற்றின் கறை இன்னும் இருக்கிறது. இளையவன் காயோவுக்கு இருபத்தேழாம் தேதி பத்து வயது முடிகிறது.

ஆகவே முப்பது நாளுக்கும் சமைத்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ஜுரேமா முடிவு செய்தாள். மூன்று பிரசவத்துக்கு அப்படிச் செய்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு நெய்வாதான் மதில்மேல் கையூன்றிச் சொன்னாள்:

"முதல்ல அனுமதி வாங்கிடுடி. என் மச்சினி வீட்டு ஃப்ரீசருக்கு சீல் வச்சிட்டுப் போயிட்டாங்க. உள்ள ஒரு முழுப் பன்னிக்கால். அது அங்கயே அடக்கமாயிடுச்சு."

செயலகத்தில் ஒதீலியா என்ற கண்காணிப்பாளர் இருந்தாள். வெயில் கொளுத்தும் அந்த ஊரில் எந்நேரமும் முழங்கைவரை குளிர்க் கையுறை போட்டிருப்பாள். அதைப் போட்டுக்கொண்டேதான் எழுதுவாள். அவள் எழுத்தை யாராலும் படிக்க முடியாததால் அது மிகவும் மதிக்கப்பட்டது.

"எத்தன நாளுக்கு?"

"முப்பதுங்க."

பேனா நின்றது. "முப்பது நாளைக்கா? எங்க போறீங்க, டோனா ஜுரேமா?" கல்யாணமான பெண்ணை அங்கே மரியாதையாக டோனா என்பார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு."

"முப்பது நாளும் ஆஸ்பத்திரியிலயா?"

"இல்லங்க, ரெண்டு நாள்தான். அப்புறம் வீட்டுலதான் இருப்பேன்."

"வீட்டுலதான் இருப்பீங்க. ஆனா சமைக்க மாட்டீங்க." ஒதீலியா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீட்டுல இருக்கிற பொம்பள சமைக்காம இருக்கறதுக்கு இதுல கட்டமே இல்லயே. ஊரை விட்டுப் போறதுக்குக் கட்டம் இருக்கு. செத்துப்போறதுக்கு இருக்கு. ரெண்டுல எது?"

"ரெண்டும் இல்லங்க."

"அப்ப டாக்டரைத்தான் பாக்கணும்."

டாக்டர் என்றது எவரால்டோவை. அவர் மருத்துவம் படித்தவரல்ல. சட்டக் கல்லூரியில் ஒன்றரை வருடம் படித்துவிட்டு மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். ஆனால் அந்த ஊரில் டை கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்காருகிற ஆணை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார்.

டாக்டர் எவரால்டோ எதிர்க்கடையில் வாங்கிய பொரித்த பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தார். செயலகத்தில் யாரும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவதில்லை. பன்னிரண்டு மணிக்குப் பசித்ததும் யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதை வாங்கி மேஜையில் பரப்பிக்கொள்வார்கள்.

"உக்காருங்க டோனா ஜுரேமா. முப்பது நாள் சாப்பாடு முன்னாடியே செய்யணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நானேதான் நினைச்சேன் டாக்டர்."

"நீங்களேவா." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். ஒதீலியாவைப் பார்த்தார். ஒதீலியா கதவைச் சாத்தினாள். "இங்க பாருங்கம்மா. இந்தச் செயலகம் எதுக்கு இருக்கு? ஜனங்க முன்கூட்டி யோசிக்கறதில்ல, அவங்களுக்காக நாங்க யோசிக்கறோம். ஜனங்க அவங்களாவே யோசிக்க ஆரம்பிச்சா அதுக்குப் பேரு முன்யோசனை இல்ல. சதி."

"டாக்டர், எனக்குப் பித்தப்பையில கல்லு."

"இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு குடும்பம் அடுத்த வியாழக்கிழமை என்ன சாப்பிடும்னு அரசாங்கத்துக்குத் தெரியலன்னா அது குடும்பமில்ல, கும்பல். இந்த ஊர்ல நாலாயிரம் குடும்பம் இருக்கு. நாலாயிரம் பேரும் எங்களக் கேக்காம ஒழுங்கா சாப்பிட்டுட்டாங்கன்னு வைங்க. என் நிலைமை என்ன?"

ஜுரேமா "கஷ்டந்தான்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்குப் படிவம் கிடைத்தது. முப்பது கட்டங்கள், மூன்று பிரதிகள். ஒவ்வொரு கட்டத்திலும் உணவு, அளவு, சாப்பிடும் போது குடும்பத்தின் மனநிலை. கூடவே இணைப்புகள்: எதிர்பாராத பசிக்கான மனு, எதிர்பாராத விருந்தாளிக்கான மனு. இரண்டாவதில் எதிர்பாராத விருந்தாளியின் பெயரும் அவர் வரும் நேரமும் பதினைந்து நாளுக்கு முன்பே கொடுக்கப்பட வேண்டும்.

அவள் சாப்பாட்டு மேஜையில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து நிரப்பினாள். முதல் நாள், சோறு, பயற்றுக் குழம்பு, வெண்டைக்காய் போட்ட கோழி, மனநிலை, அமைதி. இரண்டாம் நாள், மரவள்ளிக்கிழங்கு போட்ட மாட்டிறைச்சி, மனநிலை, அமைதி. பதினேழாம் நாள் அனேசியோ தன் அக்கா வீட்டில் சாப்பிடுவார். முப்பது கட்டத்திலும் அமைதி என்றே எழுதினாள். கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் பன்னிரண்டாம் நாளையும் பதின்மூன்றாம் நாளையும் மாற்றி எழுதிவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி உள்ளே ஓடினாள்.

"இப்ப திருத்த முடியாது" என்றாள் ஒதீலியா. "உறைஞ்சிட்டிருக்கு."

"எது?"

ஒதீலியா மூலையில் இருந்த பெரிய பெட்டி ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். குளிர்ப்புகைக்குள் அடுக்கடுக்காகக் கோப்புகள். "அனுமதி கிடைக்கிற வரைக்கும் மனு கெட்டுப்போகாம இருக்கணுமில்ல? நாளைக்கு வாங்க. வெளிய எடுத்து வச்சா ஒரு நாள்ல இளகிடும். அவசரம்னு மைக்ரோவேவ்ல வச்சு ஒருத்தருக்கு மை கலைஞ்சு போய் மாமியார் ரெண்டு ஆயிட்டாங்க. இன்னும் வழக்கு நடக்குது."

மறுநாள் ஈரமான காகிதத்தில் ஜுரேமா திருத்தினாள். திரும்ப உறையவைத்தார்கள்.

அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. பொருட்களைக் கண்காணிப்பாளர் முன்னிலையில்தான் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை சந்தையில் ஜுரேமா கூடையோடு முன்னால் நடக்க, ஒதீலியா கையுறையோடு பின்னால் நடந்தாள். ஜனங்கள் வழிவிட்டு நின்றார்கள்.

"என்ன திருடினாளாம்?" என்று வெங்காயக்காரி பக்கத்துக் கடைக்காரனிடம் கேட்டது ஜுரேமாவின் காதில் விழுந்தது.

"பாத்தா திருடற மாதிரி இல்லயே."

"பாத்தா தெரியற மாதிரியா திருடுவாங்க?"

ஒதீலியா செயலகத்தின் மாதிரிப் பட்டியலை விரித்தாள். "அவிச்ச முட்டை எங்க? உருளைக்கிழங்கு எங்க? பச்சைக்கீரை சாலட் எங்க?"

"அதெல்லாம் உறைய வைக்கக் கூடாதுங்க. உருளைக்கிழங்கு பஞ்சு மாதிரி ஆயிடும். முட்டை ரப்பராயிடும். கீரை சகதியாயிடும்."

"டாக்டர் எழுதின பட்டியல் இது."

"டாக்டர் எப்பவாவது சமைச்சிருக்காருங்களா?"

ஒதீலியா நின்றாள். குறிப்பேட்டை எடுத்தாள். எழுதும்போது உதடுகள் அசைந்தன: "தேவைக்கு மேல் அறிவு. காரணம் தெரியவில்லை."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜுரேமா சமைத்தாள். இரண்டு குக்கர்கள் மாற்றி மாற்றிக் கூவின. பயற்றுக் குழம்பு ஆறியதும் டப்பாக்களில் ஊற்றினாள். உறையும்போது குழம்பு உப்பி வரும் என்பதால் மேலே இரண்டு விரல் இடம் விட்டாள். டப்பாக்களெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாக்கள். அந்த ஊரில் வேறு டப்பா யாரிடமும் இருந்ததில்லை. ஐஸ்கிரீம் யார் எப்போது தின்று தீர்த்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை, ஆனால் எல்லார் வீட்டு ஃப்ரீசரிலும் ஐஸ்கிரீம் டப்பா இருக்கும், எல்லா டப்பாவிலும் பயறு இருக்கும். நெய்வா மதில்வழியாக இன்னும் பதினொன்றைக் கொடுத்தாள்.

"ஊரெல்லாம் ஒரே பேச்சுடி. நீ போர்ச்சுகலுக்குப் போறியாம். அங்க ஒருத்தன் இருக்கானாம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லலன்னு கேளு. வெங்காயக்காரி அவன் பேரையே சொல்றா."

அன்று சாயங்காலம் அனேசியோ சமையலறை வாசலில் வந்து நின்றார். மேஜைமேல் கோபுரமாக அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தார். கையிலிருந்த தொப்பியைச் சுருட்டினார்.

"ஜுரேமா. நான் கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு முப்பது நாள் சோறு எதுக்கு? வேற யாராவது... இருக்காங்களா?"

"ஏழு பேர் இருக்காங்க" என்றாள் ஜுரேமா. "எல்லாரும் பித்தப்பையில இருக்காங்க. போய்க் கையக் கழுவிட்டு வந்து இந்த மூடிய அழுத்துங்க."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். மூடிகளை அழுத்தும்போது ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருந்த காகித நாடாவைப் படித்துக்கொண்டே போனார். பயறு, நாள் ஐந்து. பயறு, நாள் எட்டு. கடைசியில் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. "சாகப் போறியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள்.

ஒரு டப்பாவை மட்டும் அவள் அவரிடம் தரவில்லை. அதில் நிஜமாகவே ஸ்ட்ராபெர்ரி ஐஸ்கிரீம் இருந்தது. காயோவின் பிறந்தநாளன்று அவள் கேக் சுடும் நிலையில் இருக்கமாட்டாள் என்று வாங்கி வைத்தது. பிள்ளைகள் கண்ணில் படாமல் அதை எங்கே ஒளிப்பது? யோசித்துவிட்டு அதன்மேல் "பயறு, நாள் இருபத்திரண்டு" என்று நாடா ஒட்டி மற்ற டப்பாக்களுக்கு நடுவில் வைத்தாள். காயோ ஆறு வயதில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து பயற்றைப் பார்த்து ஒரு மணி நேரம் அழுதவன். அதற்குப் பிறகு எந்த டப்பாவையும் அவன் நம்பியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செயலகம் வந்தது. ஒதீலியா, டாக்டர் எவரால்டோ, படம் எடுப்பவர், சாட்சிக் கையெழுத்துப் போடும் எட்டுப் பேர். வாசலில் வண்டி நின்றதும் தெருவே கூடிவிட்டது.

"பயப்படாதீங்க டோனா ஜுரேமா" என்றார் டாக்டர் எவரால்டோ. "இது வெறும் வழக்கமான ஆய்வு. குற்றம் இல்லாதவங்க பயப்படத் தேவையில்ல. குற்றம் இல்லாதவங்களும் இருக்கத்தான் செய்யறாங்க, நான் இன்னும் பாக்கல, அவ்வளவுதான்."

ஒதீலியா ஃப்ரீசரைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். முதல் டப்பா, வெனிலா ஐஸ்கிரீம், உள்ளே பயறு. டாக்டர் எவரால்டோ தலையசைத்தார். இரண்டாவது, சாக்லேட், உள்ளே பயறு. தலையசைத்தார். பதினெட்டு டப்பாக்கள் அப்படியே போயின. சாட்சிகள் கொட்டாவி விட்டார்கள். பத்தொன்பதாவது டப்பாவின் மூடியைத் திறந்த ஒதீலியா அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"யாரும் தொடாதீங்க" என்றார் டாக்டர் எவரால்டோ. எல்லாரும் ஓரடி பின்வாங்கினார்கள். படம் எடுப்பவர் மூன்று பக்கமிருந்தும் எடுத்தார்.

"டோனா ஜுரேமா, இது என்ன?"

"ஐஸ்கிரீம் டாக்டர்."

"டப்பாவுல என்ன அச்சடிச்சிருக்கு?"

"ஐஸ்கிரீம்."

"உள்ள என்ன இருக்கு?"

"ஐஸ்கிரீம்."

"அப்ப இதுல ஏதோ சூது இருக்கு" என்றார் அவர். குரலில் துயரமே தெரிந்தது. "எனக்கு ஐம்பத்து நாலு வயசாகுது. எங்கம்மா வீட்டுல, என் பொண்டாட்டி வீட்டுல, மேயர் வீட்டுல கூட, ஐஸ்கிரீம் டப்பாவுல ஐஸ்கிரீம நான் பாத்ததில்ல. பயறு இருக்கும்னு நம்பித்தான் ஒவ்வொருத்தரும் திறக்கறோம். அந்த நம்பிக்கையில நீங்க கை வச்சிருக்கீங்க. அதுக்கு மேல பயறுன்னு வேற எழுதியிருக்கீங்க."

"பையன் எடுத்துடக் கூடாதுன்னு எழுதினேன். அவனுக்குப் பொறந்தநாள்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த காயோவின் முகம் மலர்ந்தது. அந்தக் கூட்டத்தில் அன்று மகிழ்ந்தவன் அவன் ஒருவன்தான், அதுவும் சிறிது நேரம்.

"பயறுன்னு எழுதினது ஐஸ்கிரீமா இருந்தா" என்றாள் ஒதீலியா மெல்ல, "பயறுன்னு எழுதின மத்ததெல்லாம் பயறுதான்னு என்ன நிச்சயம்?"

"திறந்து பாத்தீங்களே, மேடம்!"

"பாத்தோம். பாக்கறதுக்குப் பயறு மாதிரி இருந்தது."

டாக்டர் எவரால்டோ சட்டைப்பையிலிருந்து சிறு புத்தகம் எடுத்து விதி நாற்பத்தொன்றைப் படித்தார். ஓர் உறைவு சந்தேகத்துக்குரியதானால், அந்தக் குடும்பத்தின் முழுச் சேமிப்பும் இளக்கப்பட்டு, நாள் வரிசைப்படி, கடைசிக் கவளம்வரை சுவைத்துச் சோதிக்கப்பட வேண்டும்.

"முழுசுமா?" என்றாள் ஜுரேமா. "டாக்டர், நாளைக்குக் காலையில எனக்கு ஆப்பரேஷன். இது என் புள்ளைங்க சாப்பாடு. ஒரு கரண்டி எடுத்துப் பாத்தா போதாதா?"

"ஒரு கரண்டி பாத்து மீதிய நம்பறதுக்குப் பேரு அலட்சியம்" என்றார் அவர், டையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு. "அடுப்பப் பத்த வைங்கம்மா."

ஜுரேமாதான் சூடுபண்ணிப் பரிமாற வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் அந்த அடுப்பு பழக்கமில்லை. முதல் நாளை ஒன்பதரைக்குத் தொடங்கினார்கள். வெண்டைக்காய்க் கோழி தீர்ந்ததும் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மனநிலை என்ற இடத்தில் ஒதீலியா எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு "அமைதி" என்று எழுதினாள். இரண்டாம் நாள் மாட்டிறைச்சி. டாக்டர் எவரால்டோ இரண்டு முறை வாங்கிச் சோதித்தார். ஐந்தாம் நாள் வரும்போது ஞாயிறு வந்துவிட்டதால் விதிப்படி கால் மணி நேரம் விடுமுறை விட்டுத் தரையில் படுத்தார்கள்.

எட்டாம் நாளில் சாட்சிகள் இருவர் தளர்ந்தார்கள். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவிலிருந்து ஏழு நிபுணர்களும், வரி வசூலிலிருந்து ஐந்து பேரும் வரவழைக்கப்பட்டார்கள். வரி வசூல்காரர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள். பத்திலிருந்து பதினாறுவரை அவர்களே முடித்தார்கள்.

பதினேழாம் நாள் ஒரு சிக்கல் எழுந்தது. அன்று அனேசியோ தன் அக்கா வீட்டில் சாப்பிட வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. அனேசியோ லாரியில் இருந்தார். ஆகவே குடிநீர்ப் பிரிவு நிபுணர் ஒருவர் அனேசியோவாக நியமிக்கப்பட்டு, நாலு தெரு தள்ளி இருந்த அக்கா வீட்டுக்கு வண்டியில் அனுப்பப்பட்டார். போனவர் அங்கே சாப்பிட்டுவிட்டு, அக்காவிடம் தம்பியாகக் கொஞ்சம் திட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

மாலை நான்கு மணிக்கு இருபத்திரண்டாம் நாள் வந்தது. ஒதீலியா படிவத்தில் "பிறந்தநாள்" என்று திருத்தி எழுதினாள். எழுதிவிட்டால் நடத்தியாக வேண்டும். இருபத்துமூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டி வாழ்த்துப் பாடினார்கள். பாட்டு நடுவில் டாக்டர் எவரால்டோ ஜுரேமாவைப் பார்த்துக் கைதட்டச் சொல்லிச் சைகை காட்டினார். அவளும் தட்டினாள். காயோவை முன்னால் நிறுத்தினார்கள். ஐஸ்கிரீம் இருபத்துமூன்று பங்கானது. அது ஐஸ்கிரீம்தான் என்று உறுதியாயிற்று. காயோவுக்குப் பங்கு இல்லை. சோதிக்கப்படும் குடும்பம் சோதனையில் கலந்துகொள்ளக் கூடாது.

"அம்மா" என்றான் அவன், "எனக்கு இப்ப பத்து வயசா?"

"ஆயிடுச்சு தம்பி" என்றாள் ஒதீலியா. "ஏட்டுல போட்டாச்சு."

ஆறரை மணிக்கு முப்பதாம் நாளின் கடைசி சீஸ் உருண்டையை டாக்டர் எவரால்டோ தானே விழுங்கினார். ஃப்ரீசர் காலியாக இருந்தது. அவர் இடுப்புப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, கண் கலங்க ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"டோனா ஜுரேமா, உங்கள சந்தேகப்பட்டதுக்கு நான் வெக்கப்படல. சந்தேகந்தான் எங்க வேலை. ஆனா இந்தச் செயலகத்தோட சரித்திரத்துலயே ஒரு மாசத் திட்டத்த ஒரு நாள் கூடப் பிசகாம முடிச்ச முதல் குடும்பம் உங்களுதுதான். ஒரு பருக்கை வீணாகல. இது எங்களால முடிஞ்சதுன்னு நினைக்கும்போது எனக்கே புல்லரிக்குது."

சான்றிதழைக் கையில் கொடுத்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய ஓய்வுக்கான முப்பது நாள் உணவுத் திட்டம் முழுமையாக நிறைவேறியது, குடும்பம் நலம், மனநிலை அமைதி. ஒப்பம், டாக்டர் எவரால்டோ. முன்யோசனையாக ஒரு பிரதியை ஒதீலியா அப்போதே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டாள்.

அனேசியோ வீடு திரும்பியபோது ஜுரேமா கழுவிக் கவிழ்த்த டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் ஃப்ரீசருக்குள் வெகுநேரம் தலையைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் போக வேணாம்னு சொல்லிடுவோமா?" என்றார். "இன்னொரு தேதி குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க. இருபத்திரண்டு மாசம் கழிச்சு."

அவர் மறுநாள் லாரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே வந்தார்.

மருத்துவமனையில் ஆறே முக்காலுக்கே வரிசை நின்றது. சேர்க்கை மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா ஏட்டைப் புரட்டி, பெயர்மேல் விரலை வைத்து, நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை ஜுரேமாவுக்கு இப்போது நன்றாகப் பழகியிருந்தது.

"உங்களுக்குத்தான் எல்லாம் முடிஞ்சுதே."

"என்ன முடிஞ்சுது?"

"ஆப்பரேஷன், ஓய்வு, எல்லாம். முப்பது நாள் ஓய்வு நேத்து ஆறரைக்கு முடிஞ்சிருக்கு. ஓய்வு முடிஞ்சா ஆப்பரேஷன் அதுக்கு முன்னாடியே நடந்திருக்கணுமில்ல? டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கார் பாருங்க." காகிதத்தைக் காட்டினார். "உங்க பேரப் பட்டியல்லேருந்து எடுத்தாச்சு. தையல் பிரிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

அனேசியோ வாயைத் திறந்தார். "ஏங்க, அவரு டாக்டரே இல்லங்க, தீவனக் கடை..."

ஜுரேமா அவர் காலை மிதித்தாள். இத்தனை நாளும் அவள் கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிவந்தாள். அதனால் ஒரு மாதச் சோறு போயிற்று.

"ஆமாங்க" என்றாள். "தையல் பிரிக்கத்தான் வந்தேன். பிரிங்க."

குமாஸ்தா நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் மட்டும் வெளியே தலையை நீட்டினாள்.

"சார், தையலக் காணோம்."

"நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டேன் சார். ஒரு கீறல் கூட இல்ல."

"தையல் எங்கம்மா?" என்று குமாஸ்தா திரையைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றது ஜுரேமாவின் குரல். "உங்க ஏட்டுல இருக்கு, உடம்புல இல்ல. ஏட்டுல இருக்கிற ஆஸ்பத்திரித் தையல் நடுவுல எங்க போச்சு? யாரு எடுத்தது? நான் ஒண்ணும் சொல்லல. முன்யோசனைச் செயலகத்துலேருந்து ஆய்வுக்கு வந்தா அவங்க கேப்பாங்க. நேத்து எங்க வீட்டுல கடைசிப் பருக்கை வரைக்கும் கேட்டாங்க."

குமாஸ்தா நர்ஸைச் சந்தேகமாகப் பார்த்தார். நர்ஸ் அவரை அதைவிடச் சந்தேகமாகப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் இருவரையும் பார்த்தார்கள்.

"அவங்க வர்றதுக்குள்ள போட்டுடலாம்" என்றார் குமாஸ்தா தாழ்ந்த குரலில்.

"சும்மா எப்படிப் போடறது சார்? முதல்ல வெட்டணும்."

"அப்ப வெட்டச் சொல்லு. ஏட்டும் உடம்பும் ஒத்துப்போகணும்."

"கல்லு ஏழையும் எடுத்தாச்சுன்னுதானே அர்த்தம்?" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "அதையும் ஏட்டுல இருக்கிற மாதிரியே பண்ணிடுங்க."

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அனேசியோ தொப்பியைச் சுருட்டிக்கொண்டு கூடவே ஓடினார்.

"எல்லாஞ் சரி ஜுரேமா. நானும் புள்ளைங்களும் என்ன சாப்பிடறது?"

"பன்னெண்டு மணிக்குச் செயலகத்துக்குப் போங்க. எல்லாரும் எதிர்க்கடையில வாங்கி மேஜையில பரப்பியிருப்பாங்க. ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போய் உக்காருங்க."

"எந்த நியாயத்துல உக்காருறது? எங்களச் சந்தேகப்பட மாட்டாங்களா?"

"அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டு அவங்களச் சந்தேகப்படுங்க" என்றாள் ஜுரேமா. கதவு திறந்தது. "சந்தேகம் வந்துட்டா கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டுத்தான் பாக்கணும். அவங்க விதிதான். முப்பது நாளும் சந்தேகப்படுங்க."